டிரைவர் அண்ணாச்சியின் கட்டிலுக்கு வைத்த மணி

சென்ற மாதம் பழைய இல்லத்திலிருந்து பிரேமா போன் செய்தாள். என்னிடம் வேலை பழகியவள். நான் ஓய்வு பெற்றபின் அங்கே அவள்தான் தலைமை நர்ஸ். மறதி நோய் வந்த முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் அது. சங்கரன்கோவிலை விட்டு ராஜபாளையம் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் வரும். இப்போது புதிதாக மின்சாரக் கட்டில்கள் வாங்கியிருக்கிறார்களாம்.

“அக்கா, நீங்க ஒருநாள் வந்து புதுப் பிள்ளைகளுக்குப் பேசணும். பெரியவங்க விழாம எப்படிப் பாத்துக்கிடணும்னு.”

“அதான் புதுக் கட்டிலு பாத்துக்கிடும்னு சொல்லுதியே.”

“கட்டிலு பாத்துக்கிடும். ஆளு எந்திச்சா மணி அடிக்கு. ஆனா என்ன சத்தம் வைக்கணும்னு நம்மகிட்டல்லா கேக்கு. ஏகப்பட்ட தினுசு இருக்கு. பிள்ளைங்க ஒவ்வொரு சத்தமா அடிக்க விட்டுச் சிரிக்குதுவ. எனக்கு டிரைவர் அண்ணாச்சி ஞாபகம் வந்துட்டு.”

எனக்கும் வந்துவிட்டது. சுடலைமுத்து அண்ணாச்சியைக் கட்டிலோடு கட்டிப் போடுவதா, கட்டாமல் விட்டு விழ விடுவதா என்று ஒரு ஆனி மாதம் முழுக்க நாங்கள் பட்ட பாடு பிரேமாவுக்குத் தெரியும். அப்போது அவள் புதுப் பிள்ளை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பேச வேண்டியதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். எழுதாமல் பேசினால் நான் எதில் ஆரம்பித்தாலும் என் முழங்கால் வலியில் கொண்டுபோய் முடிக்கிறேன் என்று வீட்டில் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாளையங்கோட்டையில் நர்ஸ் படிப்பு. பிறகு ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பனவடலிசத்திரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். அந்த ஆஸ்பத்திரியில் நான் கற்றுக்கொண்டவற்றில் பெயர் வாங்கித் தந்தது முடிச்சுப் போடும் வேலை. வயதானவர்கள் குழம்பிப்போய் ஊசிக் குழாயைப் பிடுங்கினாலோ, கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தாலோ, சுருள் துணியால் மணிக்கட்டைக் கட்டில் கம்பியோடு கட்டுவோம். படுத்திருப்பவர் இழுத்தால் அவிழக் கூடாது, நர்ஸ் ஒரு நுனியை இழுத்தால் உடனே அவிழ வேண்டும். என் முடிச்சு அப்படி. மற்ற வார்டுகளிலிருந்தும் என்னைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். அன்றைக்கு அதுதான் நல்ல நர்ஸிங். வீட்டுக்குப் போகும்போது சிலருடைய மணிக்கட்டில் வளையல் போட்ட மாதிரி ஒரு சிவந்த தடம் இருக்கும். வீட்டார் அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள்.

இந்தத் தேர்ச்சியோடுதான் நான் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அந்தக் கட்டடம் முதலில் கல்யாண மண்டபம். கார் நிறுத்த இடமில்லாததால் வைகாசி முகூர்த்தத்துக்குக்கூடக் காலியாகக் கிடந்ததாம். முதலாளியின் அப்பாவுக்கு மறதி வந்தபோது, அவரைப் போன்றவர்களுக்காக அதை இல்லமாக மாற்றினார். நல்ல மனிதர். போர்டை மாற்றினார், கட்டில்களைப் போட்டார், மணமேடையை அப்படியே விட்டுவிட்டார். பெரியவர்கள் மூச்சுப் பயிற்சி செய்ய உதவும் என்று நினைத்தாராம்.

மறதி வந்தவர்களுக்குக் காலையில் சாப்பிட்டது மறந்துவிடும். மணமேடையைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது மறக்கவே மறக்காது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வரிசையாக மேலே ஏறி வாழ்த்தப் போனார்கள். ஏறுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. இறங்க வேண்டிய நேரத்தில், ஏறியது மறந்து போயிருக்கும். தரை நேராகத்தான் இருக்கிறது என்று காலை எடுத்து வைப்பார்கள்.

செருப்பும் அப்படித்தான். வழுக்காத ரப்பர் செருப்பாக வாங்கி எல்லோருக்கும் மாட்டிவிட்டோம். கூடத்து வாசலைக் கண்டதும் எல்லோரும் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். மண்டபத்துக்குள் யார் செருப்போடு போவார்கள்? வழுக்கி விழாமல் இருக்க வாங்கிய செருப்புக் குவியலில் தடுக்கி விழுந்தவர்கள் உண்டு.

இதையெல்லாம் சரி செய்தவர் எஸ்தர் மேட்ரன். அவரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஒல்லியான ஆள். சிரிப்பது அபூர்வம், கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. யாராவது விழுந்துவிட்டார்கள் என்று ஓடிப்போய்ச் சொன்னால் அவர் கேட்கும் முதல் கேள்வி, “எங்க?” என்பதுதான். “யாரு பாத்துக்கிட்டிருந்தா?” என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. முன்பு இருந்த மேட்ரன் அதைத்தான் முதலில் கேட்பாராம். அவர் காலத்தில் அந்த இல்லத்தில் யாருமே விழவில்லை. நெற்றியில் புடைப்போடு ஆட்கள் இருந்தார்கள். கேட்டால் கட்டிலில் இடித்துக்கொண்டார் என்பார்கள். எஸ்தர் மேட்ரன் வந்தபிறகு விழுகிறவர்கள் எண்ணிக்கை கூடிவிட்டதாக முதலாளி கவலைப்பட்டார். கூடியது எண்ணிக்கை அல்ல, வாய் திறப்பது என்று புரிய அவருக்குக் கொஞ்சம் காலம் பிடித்தது.

விழுந்தவரைத் தூக்கக் கூடாது. இது மேட்ரனுடைய முதல் விதி. நம் கை அதற்குள் அவர் கக்கத்தில் போயிருக்கும், எடுத்துவிட வேண்டும். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். தலையைத் தடவிப் பார்க்க வேண்டும். பிறகு இரண்டு பாதங்களையும் சேர்த்துவைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்கக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் முதலில் ஒருக்களித்து, பிறகு உட்காரவைத்து, ஒரு நாற்காலியை முன்னால் போட்டு, அவரே பிடித்து எழும்படி உதவ வேண்டும்.

அவரை அனுப்பியபிறகு மேட்ரன் தன் வேலையைத் தொடங்குவார். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, விழுந்தவர் கிடந்த அதே இடத்தில் தானும் படுத்துக்கொள்வார். கீழே கிடந்தபடி சுற்றிலும் பார்ப்பார். பிறகு எழுந்து, அவர் எங்கிருந்து வந்தாரோ அங்கே போய், அதே மாதிரி நடந்து வருவார். முதல் தடவை பார்த்தபோது இந்த அம்மாளையும் இங்கேயே சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அப்படிப் படுத்து எழுந்துதான் குளியலறை வாசலில் கிடந்த கறுப்புக் கால்மிதியைக் கண்டுபிடித்தார். நெசவு வேலை பார்த்த ஒரு அம்மாள் அந்த இடத்திலேயே மறுபடியும் மறுபடியும் விழுந்துகொண்டிருந்தார். வெள்ளைத் தரையில் அந்தக் கறுப்பு மிதி அவருக்குக் குழியாகத் தெரிந்திருக்கிறது. தாண்டுவதற்காகக் காலை அகல வைத்திருக்கிறார். தரை நிறத்திலேயே மிதி வாங்கி, அதையும் அடியில் ஒட்டிவிட்டோம். மணமேடையை இடித்தோம். கூடத்து வாசலில் ஒரு நாற்காலியும் செருப்பு அலமாரியும் வந்தன. கழற்றுகிறவர்கள் உட்கார்ந்து கழற்றட்டும், நாம் எடுத்து அடுக்குவோம், கூடத்துத் தரையை வழுக்காமல் செய்துவிடுவோம் என்றார். செருப்போடு உள்ளே வா என்று அவர்களோடு மல்லுக்கட்ட அவர் தயாராக இல்லை.

ஒருமுறை முதலாளி, மூடிப்போன ஏதோ ஆஸ்பத்திரியிலிருந்து பக்கவாட்டில் கம்பி வைத்த கட்டில்களை வாங்கி வந்து இறக்கினார். கம்பி இருந்தால் ஆள் விழ மாட்டார் என்பது அவர் கணக்கு. மேட்ரன் சமையலறையிலிருந்து உரிக்காத தேங்காய் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொரு கட்டிலாகப் போய், கம்பிக்கும் கம்பிக்கும் நடுவிலும், கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவிலும் தேங்காயை நுழைத்துப் பார்த்தார். முதலாளி பின்னாலேயே நடந்துகொண்டிருந்தார்.

“திருஷ்டி கழிக்கியளா மேட்ரன்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“தலை போகுமான்னு பாக்கேன். இவ்வளவு பெரிய தேங்கா நுழைஞ்சா, சரிஞ்சு விழுதவுக தலையும் நுழையும். நுழைஞ்சா வெளிய வராது.”

பாதிக் கட்டில்கள் திரும்பிப் போயின. மீதியில் இருந்த கம்பிகளையும் முழு நீளத்துக்கு ஏற்றக் கூடாது என்றார். கம்பியைக் கண்டால் இவர்கள் படுத்துவிட மாட்டார்கள், ஏறித் தாண்டப் பார்ப்பார்கள். கட்டிலிலிருந்து விழுவதைவிடக் கம்பி மேலிருந்து விழுவது உயரம் கூடுதல். தேங்காய் அன்றைக்கே சட்னியாகிவிட்டது.

இனி சுடலைமுத்து அண்ணாச்சி.

அவரை எனக்கு முன்பே தெரியும். திருநெல்வேலி – சங்கரன்கோவில் வழியில் பஸ் ஓட்டியவர். அவர் ஓட்டிய வண்டியை நான் பலமுறை தவறவிட்டிருக்கிறேன். கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கும். இரண்டு விசில் கொடுத்தால் நகர்ந்துவிடும். நடுவில் நாம் கையைக் காட்டிக்கொண்டு ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தாலும் அவருக்கு அது ஒரு விஷயமே அல்ல. கண்டக்டர் சொல்லுக்கு மேல் டிரைவருக்கு என்ன வேலை என்பது அவர் கட்சி.

அவரை இல்லத்துக்குக் கூட்டிவந்தபோது ஆள் வாடியிருந்தார். தோள் மட்டும் பழைய தோள். பேச்சு குறைந்துவிட்டது. கூட்டிவந்தவர் மகன் செல்வகுமார், தாலுகா ஆபீஸில் வேலை. கணவன் மனைவி இருவரும் காலையில் வேலைக்குப் போகிற வீடு. அம்மா ஏற்கெனவே குளியலறையில் விழுந்து, இடுப்பு முறிந்து, எழுந்திருக்காமலே போய்ச் சேர்ந்திருந்தார். அப்பாவையும் அப்படி இழக்க அந்தப் பையன் தயாராக இல்லை. பையன் என்கிறேன், அவருக்கும் காதோரம் நரைத்திருந்தது.

அண்ணாச்சியின் சிக்கல் இதுதான். படுத்திருந்து எழுந்தால் அவருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். எழுந்ததும் கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு நடந்தால் ஒன்றும் ஆகாது. எழுந்த வேகத்தில் நடந்தால் கண் இருட்டிக் கீழே போய்விடுவார். வந்த புதிதில் ஒருமுறை அப்படி விழுந்து உதடு கிழிந்தது.

அப்போதுதான் முதலாளியின் தங்கை வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி அனுப்பினார். மெத்தைக்கு அடியில் விரிக்கும் பாய், அதோடு ஒரு சின்ன மணிப் பெட்டி. ஆள் எடை பாயை விட்டு எழுந்தால் பெட்டி கத்தும். கட்டில் தலைமாட்டிலேயே அதை மாட்டினோம். அண்ணாச்சி எழப் பார்த்தால் நாங்கள் ஓடிப் போய்விடலாம் என்று எல்லோருக்கும் நிம்மதி.

மணி வைத்த பிறகு அண்ணாச்சி அதிகமாக விழுந்தார்.

யாருக்கும் புரியவில்லை. முன்பெல்லாம் எழுந்தால் கட்டில் ஓரத்தில் கொஞ்சம் ஆடிக்கொண்டாவது உட்கார்ந்திருப்பார். இப்போது விறுவிறுவென்று கிளம்பினார். மணி கேட்டு நாங்கள் ஓடி வருவதற்குள் நடு அறையில் கிடப்பார். ஒருமுறை புருவம் பிளந்து தையல் போட வேண்டியதாயிற்று. செல்வகுமார் வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தார். மேட்ரன் அறைக்கு வந்து நின்றார்.

“கட்டிப் போடுங்க மேடம்.”

“இங்கன யாரையும் கட்டுறதில்ல தம்பி.”

“அப்ப எங்க அப்பா விழட்டும்னு சொல்லுதியளா? எங்க அம்மையும் இப்பிடித்தான். ஒரு நிமிஷம் நான் அசந்துட்டேன். கையக் கட்டிப் போட்டிருந்தா இன்னைக்கு உக்காந்து கஞ்சி குடிச்சிட்டிருப்பா.”

மேட்ரன் அவரை அண்ணாச்சியின் அறைக்குக் கூட்டிப் போனார். காலியாக இருந்த பக்கத்துக் கட்டிலைக் காட்டி, “படுங்க” என்றார். என்னைப் பார்த்து, “வசந்தா, ஒங்க முடிச்சப் போடுங்க” என்றார். சுருள் துணியை எடுத்து இரண்டு கையையும் கட்டினேன். மேட்ரன் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, சக்கர நாற்காலிகளின் பிரேக்கைச் சரி பார்க்கத் தொடங்கினார். அது அவருடைய வாராந்திர வேலை. ஒவ்வொரு நாற்காலியிலும் தானே ஏறி உட்கார்ந்து, பிரேக்கைப் போட்டு, என்னைத் தள்ளச் சொல்வார். நான் தள்ளி, அது நகராவிட்டால்தான் தேறியது. அன்றைக்கு எல்லா நாற்காலியும் தேறும்வரை திரும்பிப் போகவில்லை.

போனபோது செல்வகுமாருக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது.

“மூக்கு அரிச்சுது” என்றார். அவிழ்த்துவிட்டேன்.

“அப்பாவுக்கும் அரிக்கும்” என்றார் மேட்ரன்.

கதையாக இருந்தால் செல்வகுமார் இந்த இடத்தில் மனம் மாறியிருப்பார். அவர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, “அரிக்கட்டும் மேடம். எலும்பு முழுசா இருக்கும்லா” என்றார். எனக்கும் உள்ளூர அது நியாயமாகத்தான் பட்டது. முறிந்த இடுப்பை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டின கைக்கு எண்ணெய் இருக்கிறது, அதற்கு எண்ணெய் கிடையாது.

“தபசு முடியிற வரைக்கும் டைம் தாங்க” என்றார் மேட்ரன்.

“தபசு வரைக்கும் வச்சிருங்க. அதுக்குள்ள இன்னொரு தடவ மண்டை ஒடைஞ்சா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். நானே கட்டிக்கிடுவேன். ஜன்னக் கம்பி இருக்கு.”

சொன்னது கோபத்தில் இல்லை. ஜன்னலை ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறார் என்பது குரலில் தெரிந்தது. சங்கரன்கோவிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு அப்போது ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கும். காலையில் இவரும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால், சாயந்திரம் வரை அண்ணாச்சி அந்த ஜன்னலோடு இருப்பார். நான் அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வருத்தமாக இருந்தது.

மறுநாள் காலை மேட்ரன் அண்ணாச்சியைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவர் கட்டிலில் தானே ஏறிப் படுத்தார். அவர் புரள்கிற மாதிரிப் புரண்டு, எழுகிற மாதிரி எழுந்தார். பாய் எடை இழந்தது. பெட்டி கத்தியது. பீப் பீப்.

நாற்காலியில் இருந்த அண்ணாச்சி நிமிர்ந்தார். வலது காலை முன்னால் அழுத்தினார். இடது கை பக்கவாட்டில் போய், இல்லாத கியரைப் பிடித்துத் தள்ளியது. தோளை நிமிர்த்திக் கிளம்பிவிட்டார். நான் பாய்ந்து பிடித்து உட்காரவைத்தேன்.

நானும் மேட்ரனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்த ஊரில் பஸ்ஸில் போய் வந்தவர்கள் யாருக்கும் அதற்கு விளக்கம் வேண்டாம். நாங்கள் அவர் தலைமாட்டில் ஒரு கண்டக்டரை மாட்டி வைத்திருந்தோம். அவர் லேசாகப் புரண்டு எழுந்தாலே அந்தக் கண்டக்டர் இரண்டு விசில் கொடுக்கிறான். கண்டக்டர் கொடுத்தால் அண்ணாச்சி வண்டியை எடுத்துவிட வேண்டியதுதான். கண் இருட்டுகிறது என்பதெல்லாம் அவர் வேலையில் சொல்லக்கூடிய காரணம் அல்ல.

மேட்ரன் கட்டிலில் உட்கார்ந்தபடியே யோசித்தார். பாயை எடுத்துவிடலாம் என்றேன்.

“எடுத்தா எந்திச்சது நமக்குத் தெரியாது. சத்தத்த மாத்துவோம். ஒரே ஒரு விசில்.”

கடைத்தெருவிலிருந்து ரேடியோ ரிப்பேர் செய்கிறவர் வந்தார். பெட்டியைத் திறந்து, இரட்டைச் சத்தத்தை நீளமான ஒற்றைச் சத்தமாக்கினார். எதற்கு என்று கேட்டார். வண்டி நிற்பதற்கு என்றார் மேட்ரன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை.

அன்று மத்தியானம் நாங்கள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணாச்சி தூங்கி விழித்தார். எழுந்தார். பெட்டி நீளமாக ஒருமுறை கத்தியது. அண்ணாச்சியின் இரண்டு கால்களும் கிளட்சும் பிரேக்கும் மிதிப்பது போலத் தரையை அழுத்தின. கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தார். நேராகப் பார்த்தபடி காத்திருந்தார். ஆட்கள் இறங்க வேண்டும், ஏற வேண்டும், அதற்கெல்லாம் நேரமாகும் அல்லவா. அந்த நேரத்தில் ரத்தம் தலைக்கு ஏறிவிடும். நாங்களும் போய்ச் சேர்ந்துவிடுவோம்.

புதுச் சிக்கல்களும் வந்தன. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு விசில் இல்லாமல் அவர் இப்போது கிளம்ப மறுத்தார். வேறு ஷிப்டில் வந்த பெண்ணுக்கு இது தெரியாது. கையைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அண்ணாச்சி கட்டில் ஓரத்திலேயே காத்திருந்து, சாப்பாடு ஆறிப்போனது. அதன் பிறகு, கட்டில் கம்பியில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் அவரைக் கூட்டிப்போக வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்தோம். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்றுவிட்டால் கதவில் இரண்டு தட்டு. இன்னொன்று, எதிர் அறையில் ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியை இருந்தார். நீளமாக மணி அடித்தால் பள்ளிக்கூடம் விட்டாயிற்று என்று பையை எடுத்துக்கொண்டு வெளியே நடக்கத் தொடங்கினார். அண்ணாச்சி எழும்போதெல்லாம் ஒருவர் அவரிடம் ஓட, இன்னொருவர் வாசலுக்கு ஓட வேண்டியிருந்தது. பிறகு தலைமையாசிரியையை மணி கேட்காத பின்பக்க அறைக்கு மாற்றினோம்.

தபசு நெருங்கியது. ரோட்டில் சிறப்புப் பஸ்கள் போகத் தொடங்கின. வெளியே விசில் சத்தம் கூடியது, அதைக் கேட்டு அண்ணாச்சி கிளம்பிவிடலாம். அண்ணாச்சியின் ஜன்னல் பக்கம் இரட்டைத் திரை போட்டோம். ஒருநாள் கழிப்பறைக்குள் கால் மடங்கிப் பின்பக்கம் பட உட்கார்ந்துவிட்டார். தலை அடிபடவில்லை, பாதம் இரண்டும் நேராக இருந்தன. மேட்ரன் அதையும் மகனுக்குப் போன் செய்து சொன்னார். சொல்லாமல் இருக்கலாமே என்று என் வாய்வரை வந்தது.

தபசு முடிந்த மறுநாள் செல்வகுமார் வந்தார். கூட்டிப்போகத்தான் வந்தாரா, பார்த்துவிட்டுப் போக வந்தாரா என்று தெரியவில்லை. கையில் ஒரு பெரிய காலிப் பை இருந்தது. நான் அவருக்குப் பின்னால் நடந்தேன்.

அறைக்குள் போகவும் பெட்டி கத்தவும் சரியாக இருந்தது. அண்ணாச்சி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னப்பா, உக்காந்திருக்கிய?”

அண்ணாச்சி திரும்பிப் பார்க்கவில்லை. “எவம்ல கண்டக்டரு? டைம் ஆகுதுல்லா” என்றார். அவர் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை நாங்கள் கேட்டு வாரக் கணக்கில் ஆகியிருந்தது.

செல்வகுமார் என்னைப் பார்த்தார். கம்பியில் இரண்டு தட்டுத் தட்டச் சொல்லி நான் கையால் காட்டினேன். அவர் உடனே தட்டவில்லை.

“சின்னப் பிள்ளையில கண்டக்டர் விசில எடுத்து ஒரு தடவ ஊதிட்டேன் சிஸ்டர். வண்டி கெளம்பிட்டு. படியில ஒரு ஆளு கால் வச்சிருந்திருக்காரு. நல்ல வேள விழல. அப்பா என்னைய எறக்கி விட்டு அடிச்சாவ. ஆளு ஏறிட்டாரான்னு பாக்காம குடுக்கக் கூடாதுல, குடுத்துட்டா நான் எடுத்துருவேன்னு சொன்னாவ.”

பிறகு குனிந்து அப்பாவின் கால்களைப் பார்த்தார். இரண்டும் தரையில் நன்றாகப் பதிந்திருந்தன. கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினார். அண்ணாச்சி எழுந்தார். மகன் தோளைப் பிடித்துக்கொள்ள, இருவரும் கழிப்பறைக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். காலிப் பையை அவர் மறந்து வைத்துவிட்டுப் போனார். கட்டுவது பற்றி அதன் பிறகு பேச்சே இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு தபசு பார்த்தார் அண்ணாச்சி. கடைசியில் நெஞ்சில் சளி கட்டி, சாப்பாடு இறங்காமல் படுத்துவிட்டார். டாக்டர் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடச் சொன்னார். வந்தார்கள், ஆளுக்கொரு கரண்டி பால் ஊற்றினார்கள். மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் வெளியே போனபிறகு செல்வகுமார் கம்பியில் மெல்ல இரண்டு தட்டுத் தட்டினார். நான் மருந்துத் தட்டைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன். அண்ணாச்சி போகவில்லை. கண்ணைத் திறந்து மகனைப் பார்த்தார். மறுநாள் காலையில் கஞ்சி கேட்டார். அந்த வாரக் கடைசியில், யாரும் தட்டாத ஒரு மத்தியானம் போனார்.

உடம்பைத் துடைத்துச் சுத்தம் செய்தோம். அண்ணாச்சியின் தம்பி ஒரு வெள்ளைத் துணியைக் கிழித்துக்கொண்டு வந்தார். இறந்தவர்களுக்குக் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு, கை இரண்டையும் நெஞ்சில் வைத்துக் கட்டைவிரல்களைச் சேர்த்து ஒரு கட்டு. எல்லா வீட்டிலும் செய்வதுதான். காலைக் கட்டிவிட்டு அவர் கைப்பக்கம் வந்தார்.

“கை வேண்டாம் சித்தப்பா” என்றார் செல்வகுமார்.

“வழக்கம்லா வே.”

“இருக்கட்டும். கையக் கட்ட வேண்டாம்.”

சித்தப்பா துணியை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் வாங்கிச் சுருட்டி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். மேட்ரன் அண்ணாச்சியின் கைகளை எடுத்து நெஞ்சின் மேல் வைத்தார். அவை நிற்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து இரண்டு பக்கமும் விழுந்தன. மேட்ரன் மறுபடி எடுக்கவில்லை. விழட்டும் என்று விட்டுவிட்டோம்.